மலையில் பழ ஜெல்லி காய்ச்சுவது: பிளம்ஸ் சாறு முதல் பாட்டில் வரை

பிளம்ஸ் சீசன் வந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஜாம் காய்ச்ச ஆள் உண்டு. ஜெல்லி என்று சொன்னால்தான் பின்வாங்குகிறார்கள். "ஒரு தடவை பாகா ஓடுது, அடுத்த தடவை கரண்டியே இறங்கல, நமக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்பார்கள். பழத்தையும் கைப்பக்குவத்தையும் குறை சொல்வதற்கு முன்னால் அவர்கள் பார்த்துச் செய்த சமையல் குறிப்பை வாங்கிப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் '105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கவும்' என்று இருக்கும். அந்த 105 கடல் மட்டத்துக்கான எண். சென்னைக்குப் பொருந்தும், தூத்துக்குடிக்குப் பொருந்தும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதை நம்பிக் காய்ச்சினால் பாட்டிலில் மிட்டாய்ப் பாகுதான் மிஞ்சும்.

ஆகவே இதை மலையில் அடுப்பு வைத்திருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன். நீலகிரிக்குச் சொல்வது கொடைக்கானலுக்கும் பொருந்தும். பிளம்ஸை வைத்து முழுச் செய்முறையும் சொல்லிவிட்டு, மற்றப் பழங்கள் எங்கே மாறுபடுகின்றனவோ அங்கே மட்டும் நின்று போகலாம்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடுவோம். பாக்கெட் பொடியைக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆடுமே, அந்த ஜெல்லி ஜெலட்டினிலோ கடல்பாசியிலோ உறைவது. இங்கே சொல்வது ரொட்டியில் தடவும் ஜெல்லி. பழச்சாறு, சர்க்கரை, தேவைப்பட்டால் எலுமிச்சை, அவ்வளவுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணாடி போலத் தெரியவேண்டும். கவிழ்த்தால் பாட்டிலின் வடிவத்திலேயே நிற்கவேண்டும், ஆனால் கத்தி பட்டதும் வெட்டுப்படவேண்டும்.

உறைவது எதனால்?

பழத்தின் செல் சுவர்களுக்கு இடையில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. 1825-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராகோனோ இதைப் பிரித்துக் காட்டினார். பழத்தை வேகவைத்தால் பெக்டின் சாற்றில் கரைந்து நீண்ட இழைகளாக மிதக்கும். இழைகள் ஒன்றையொன்று விலக்குவதால் சாறு சாறாகவே இருக்கும். புளிப்பு சேர்ந்தால் அந்த விலக்கம் குறையும். சர்க்கரை சேர்ந்தால் இழைகளைச் சுற்றியிருக்கும் தண்ணீரை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் இழைகளுக்கு வேறு வழியில்லை, ஒன்றோடொன்று பின்னி வலையாகி, மிச்சத் தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்ளும்.

பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் அளவாக இருந்தால்தான் இது நடக்கும். புளிப்பைக் காட்டும் பி.ஹெச். எண் (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 3-ஐ ஒட்டி இருக்கவேண்டும், 3.5-ஐத் தாண்டினால் உறைவது சந்தேகம். காய்ச்சி முடிக்கும்போது நூறு பங்கில் ஏறக்குறைய 65 பங்கு சர்க்கரையாக இருக்கவேண்டும். கடையில் விற்கும் ஜெல்லிக்கும் நம் நாட்டு உணவு விதி அந்த 65-ஐத்தான் கேட்கிறது. 'சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. குறைத்தால் உறையாது, சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும். இனிப்பு வேண்டாம் என்றால் ஜெல்லியைக் குறைவாகத் தடவிக்கொள்வதுதான் வழி.

மலையில் எந்தப் பழம்?

பிளம்ஸ்தான் முதல் தேர்வு. ரூபியோ, ஹேல், காவியோட்டா என்று மலையில் வளரும் ரகங்கள் பல. தோல் சிவந்து, கடித்தால் பல் கூசும் பழமாக இருந்தால் போதும், ரகப் பெயர் தெரியவேண்டாம். பெக்டினும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும், நிறமும் தானாக வரும். மே, ஜூனில் வாங்குவது நல்லது. சுற்றுலாக்காரர்கள் பொறுக்கி வாங்கிப்போகும் கருஞ்சிவப்புப் பழம் நமக்கு வேண்டாம். கூடையில் கால் பங்கு இன்னும் கெட்டியாக, பாதி பச்சையாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழம் பழுக்கப் பழுக்க பெக்டின் சிதைந்துபோகும். அந்தக் கால் பங்கு காய் உறையவைக்கும், மீதி முக்கால் பங்கு பழம் மணத்தைக் கொடுக்கும்.

ஊட்டி ஆப்பிள் என்று விற்கும் சின்னப் பச்சை ஆப்பிளைச் சாப்பிடத்தான் முகம் சுளிக்கவேண்டும், ஜெல்லிக்கு அது பொக்கிஷம். பெக்டின் அதிகம், புளிப்பும் உண்டு. தன்மணம் பெரிதாக இல்லாததால் மணம் மிகுந்து பெக்டின் குறைந்த பழங்களுக்குத் துணையாகப் போடலாம். நான் பீச் பழத்தில் ஜெல்லி செய்தால் பாதிச் சாறு இந்த ஆப்பிளுடையதுதான். பீச் தனியாக உறையவே உறையாது.

மரத்தக்காளியை யாரும் இதற்கு நினைப்பதில்லை, அது நியாயமில்லை. பெக்டின் தாராளம். சிவப்பு ரகத்தின் சாறு கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வரும். தோல் கசக்கும் என்பதால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு உரித்துவிட்டு வேகவையுங்கள். இந்த ஜெல்லி ரொட்டியைவிட மிளகு போட்ட கறி வறுவலுக்குப் பக்கத்தில்தான் நன்றாக இருக்கிறது, செய்து பாருங்கள்.

கொய்யா மலையுச்சியில் கிடைக்காவிட்டாலும் அடிவாரத்தில் கிடைக்கும். கொடைக்கானல்காரர்களுக்குப் பழநி பக்கத்து ஆயக்குடி சந்தை இருக்கிறது. நம் நாட்டுப் பழங்களில் ஜெல்லிக்கு இதைவிட நம்பகமானது கிடையாது. புளிப்பு மட்டும் வெளியிலிருந்து சேர்க்கவேண்டும்.

பேரிக்காயில் ஆசை வைக்காதீர்கள். சாறு வெளிறியது, புளிப்பு குறைவு, நன்றாகப் பழுத்துவிட்டால் பெக்டினும் போய்விடும். மரத்தைக் குலுக்கிக் கூடை கூடையாக வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், கெட்டியான காயாகப் பொறுக்கி, பச்சை ஆப்பிளோடு சரிபாதி சேர்த்து, எலுமிச்சை பிழிந்து செய்யலாம். தாட்பூட் பழம், அதாவது பேஷன் ஃப்ரூட், இதற்கு நேர் எதிர்: மணமும் புளிப்பும் ஊரைக் கூட்டும், உறையவைக்கும் சரக்கு சாற்றில் இல்லை. ஒரு பங்கு தாட்பூட் சாற்றுக்கு மூன்று பங்கு ஆப்பிள் அல்லது கொய்யாச் சாறு என்று வைத்துக்கொண்டு, எலுமிச்சையை விட்டுவிடலாம்.

தவிட்டுப் பழத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. புல்வெளி ஓரங்களிலும் சோலை விளிம்புகளிலும் இளஞ்சிவப்புப் பூ பூக்கும் புதரில், கருநீலத்தில் சின்னச் சின்னதாகக் காய்க்கும் அதே பழம்தான். மலைக்கு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே இதில் ஜாம் போட்டிருக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்கக்கூடாது. பட்டா நிலத்திலோ தோட்ட ஓரத்திலோ கிடைத்தால் சரி. விதை அதிகம் என்பதால் ஜாமைவிட ஜெல்லிக்குத்தான் இது உகந்தது, துணியில் எல்லா விதையும் நின்றுவிடும்.

சாறு எடுத்தல்

இரண்டு கிலோ பிளம்ஸை எடுத்துக்கொள்வோம், அதில் அரைக் கிலோ கெட்டிக் காய். கழுவி, அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாகக் கீறுங்கள். தோல் உரிக்கவேண்டாம், கொட்டையை எடுக்கவேண்டாம். பெக்டினில் பெரும்பங்கு தோலிலும் கொட்டையை ஒட்டிய சதையிலும் இருக்கிறது, நிறம் முழுக்கத் தோலில்தான். கொட்டையை உடைக்கமட்டும் கூடாது, உள்ளே இருக்கும் பருப்பு கசப்பு, உடம்புக்கும் ஆகாது.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு 450 மில்லி தண்ணீர் விடுங்கள். அலுமினியமும் இரும்பும் வேண்டாம், புளிப்புக்கு நிறம் மாறும், லோகச் சுவையும் ஏறும். தண்ணீர் போதாதே என்று தோன்றும், பத்து நிமிடத்தில் பழமே தண்ணீர் விட்டுவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி, 20 முதல் 25 நிமிடம் மெல்ல வேகட்டும். சமவெளிக் குறிப்பில் 15 நிமிடம் என்று இருந்தால் மலையில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளவேண்டும், இங்கே கொதிநீரின் சூடே குறைவு. அதற்காக ஒரு மணி நேரம் வேகவைத்தால் வெளியே வந்த பெக்டின் சூட்டிலேயே சிதையும். கரண்டியால் லேசாக மசியுங்கள், மிக்ஸியில் அடிக்காதீர்கள்.

ஆப்பிள், பேரிக்காய் என்றால் துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். கொய்யாவுக்கு எடையில் ஒன்றரை மடங்கு தண்ணீர், கிலோவுக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம், அரை மணி நேர வேக்காடு. புளிப்போடு வேகும்போது பெக்டின் நன்றாக இறங்கும் என்பதால்தான் அமிலத்தை இந்தக் கட்டத்திலேயே போடுகிறோம்.

இனி வடிகட்டுவது. மல் துணியோ நைந்த பழைய வேட்டியோ எதுவும் ஆகும். சோப்பு வாசனை இல்லாமல் வெந்நீரில் அலசிப் பிழிந்து, இரண்டு மடிப்பாகப் போடுங்கள். ஒரு ஸ்டூலைக் கவிழ்த்து வைத்து நான்கு கால்களிலும் துணியின் முனைகளைக் கட்டி, அடியில் பாத்திரம் வைத்து, வெந்த பழத்தை ஊற்றிவிட்டுப் போய்விடலாம். முதல் ஒரு மணி நேரம் நன்றாக இறங்கும், பிறகு சொட்டுதான். மலைக் குளிரில் சாறு ஆற ஆறக் கெட்டிப்பட்டு, சொட்டுவது மந்தமாகும். வராந்தாவில் கட்டாதீர்கள். அடுப்படியில், கதவைச் சாத்தி, இரவு முழுக்க விடுங்கள்.

துணியைப் பிழியக்கூடாது. எல்லாக் குறிப்பிலும் இதை எழுதியிருப்பார்கள், எல்லோரும் கடைசியில் ஒரு தடவை பிழிந்துவிடுவார்கள். பிழிந்தால் நார்த்துகளும் சதையும் இறங்கி ஜெல்லி கலங்கும். சுவை கெடாது என்பது உண்மைதான். வீட்டுக்கு மட்டும் என்றால் பிழியுங்கள், யாருக்காவது கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு கிலோ பிளம்ஸுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரோ கொஞ்சம் கூடவோ சாறு கிடைக்கும்.

சர்க்கரைக்கு முன் இரண்டு சோதனை

மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிகல் ஸ்பிரிட் ஒரு சின்னப் பாட்டில் வாங்கிவையுங்கள். கண்ணாடி டம்ளரில் ஒரு டீஸ்பூன் ஆறிய சாறு, மூன்று டீஸ்பூன் ஸ்பிரிட். மெல்லச் சுழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். சாறு ஒரே கட்டியாகத் திரண்டு, முள்கரண்டியில் தூக்கினால் வருகிறது என்றால் பெக்டின் அமோகம். இரண்டு மூன்று கட்டிகளாக உடைந்தால் நடுத்தரம். பொடிப்பொடியாகத் திரிந்தால் அந்தச் சாறு தனியாக உறையாது. ஸ்பிரிட் கலந்த இந்தச் சாறு விஷம், வாயில் வைக்கக்கூடாது, சோதித்ததை அப்படியே சிங்கில் கொட்டிவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் கைக்கு டம்ளர் எட்டவேண்டாம்.

எவ்வளவு சர்க்கரை என்பதை இந்தச் சோதனைதான் சொல்கிறது. ஒரே கட்டி என்றால் ஒரு லிட்டர் சாற்றுக்கு 800 கிராம் வரை தாங்கும். நடுத்தரம் என்றால் 650 கிராம். பொடிந்தால் ஆப்பிள் சாறு கலந்து மறுபடி சோதியுங்கள். 'கிலோவுக்குக் கிலோ' என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் பழக்கத்தால்தான் பாதி ஜெல்லிகள் பாகாக நிற்கின்றன. பெக்டினின் சக்திக்கு மேல் சர்க்கரை போட்டால் அது தாங்காது.

புளிப்புக்கு நாக்குதான் கருவி. ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர், அரை டீஸ்பூன் சர்க்கரை கலந்து ருசி பாருங்கள். அப்புறம் பழச்சாற்றை ருசி பாருங்கள். அந்த அளவுக்குப் புளித்தால் போதும். குறைந்தால் ஒவ்வொரு கப் சாற்றுக்கும் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள். பிளம்ஸுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

கடையில் வாங்கும் பெக்டின் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. பீச் மட்டும் வைத்துத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால் அது வேண்டியிருக்கும். பொடியைச் சர்க்கரைக்கு முன்பே சாற்றில் போட்டுக் கொதிக்கவைக்கவேண்டும். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாக்கெட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். 'லோ மெதாக்ஸில்' என்று எழுதியிருந்தால் அது வேறு ஜாதி, கால்சியம் சேர்த்தால்தான் உறையும். தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

காய்ச்சுதல்: மலைக்கணக்கு

கீழே இருந்து கல்யாணமாகி மலைக்கு வருகிறவர்கள் முதலில் கவனிப்பது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்பதைத்தான். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கூடலூரில் 96-ஐ ஒட்டியும், 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 94 டிகிரியிலும், ஊட்டியில் 92, 93-லும் கொதிக்கும். கொடைக்கானலும் கிட்டத்தட்ட ஊட்டிக் கணக்குதான்.

சர்க்கரை கரைந்த நீர் வெறும் தண்ணீரைவிட அதிகச் சூட்டில் கொதிக்கும். சர்க்கரை செறியச் செறிய அந்த வித்தியாசமும் ஏறும். 65 பங்கை எட்டும்போது வித்தியாசம் ஏறத்தாழ 4.5 டிகிரி. கடல் மட்டத்தில் 100-உடன் 4.5, அதாவது 104.5. புத்தகத்தில் இருக்கும் 105 வந்த வழி இதுதான். நமக்கு வேண்டியது அந்த 4.5 மட்டும். ஊட்டியில் 97 டிகிரியில் ஜெல்லி தயார், குன்னூரில் 98-ஐத் தாண்டியதும் தயார். ஊட்டியில் 105 வரும்வரை காத்திருந்தால் சர்க்கரை நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டியிருக்கும். அது ஆறினால் கரண்டி எப்படி இறங்கும்?

ஊர் உயரத்தைத் தேடிக் கணக்குப் போடக்கூட வேண்டாம். காய்ச்சும் அன்று, அதே அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தெர்மாமீட்டரின் முனை பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதனுடன் 4.5 கூட்டுங்கள். உங்கள் தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி பொய் சொன்னாலும் இரண்டு தடவையும் அதே பொய்யைத்தான் சொல்லும் என்பதால் கணக்கு கெடாது.

தெர்மாமீட்டரே இல்லையா? அதைவிட நம்பகமான வழி தராசு, அதற்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. முதலில் காலிப் பாத்திரத்தை எடைபோட்டுக் குறியுங்கள். முடிந்த ஜெல்லியின் எடை, போட்ட சர்க்கரையைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும் என்பது நம் பழப் பதனப் பாடங்களில் உள்ள சட்டம். பிளம்ஸ் சாற்றிலேயே கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது, நாமும் சர்க்கரையைக் குறைத்துப் போடுகிறோம் என்பதால் நான் 1.7 மடங்கிலேயே உஷாராகிவிடுவேன். உதாரணமாகப் பாத்திரம் 1,300 கிராம், சர்க்கரை 650 கிராம் என்று வையுங்கள். 650-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 1,105. தராசில் 2,405 கிராம் காட்டும்போது, பின்னால் சொல்லும் தட்டுச் சோதனையைத் தொடங்கவேண்டும். ஒன்றரை மடங்குக்கான 2,275 கிராமுக்குக் கீழே எந்தக் காரணத்தாலும் போகவிடக்கூடாது. சூடான பாத்திரத்தைத் தராசில் நேரே வைக்காமல் ஒரு மரப்பலகையை வைத்து, அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் சாற்றுக்கு நான்கைந்து லிட்டர் பிடிக்கும் அகலமான பாத்திரம் வேண்டும், ஏனென்றால் நுரைத்துப் பொங்கும். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றரை. ஐந்து லிட்டரையும் ஒரே அடியாக வைத்தால் தண்ணீர் வற்றுவதற்கே நேரமாகி, அதற்குள் நிறம் கறுத்து, மணம் போய், பெக்டினும் சிதைந்துவிடும். நேரம் மிச்சம் பிடிக்க நினைத்தால் இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம் வையுங்கள்.

சாற்றைச் சூடாக்கி, 650 கிராம் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டு, மிதமான தீயில் ஒரு சர்க்கரை மணிகூட மிஞ்சாமல் கரையுங்கள். நாட்டுச்சர்க்கரை இதற்கு ஒத்துவராது, நிறத்தையும் தெளிவையும் கெடுக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத் தூரிகையாலோ துணியாலோ துடைத்து உள்ளே தள்ளுங்கள், அந்த நாலு மணிதான் பின்னால் பாட்டிலில் கற்கண்டாக வளரும். கரைந்ததும் தீயை முழுதாகத் திறந்துவிடுங்கள். கரண்டியால் கலக்கினாலும் அடங்காத கொதியாக இருக்கவேண்டும். மெல்லக் கொதிப்பது ஜெல்லிக்கு எதிரி.

முதலில் நுரை வெள்ளையாக, பெரிதாக எழும்பும். வற்ற வற்றக் குமிழிகள் சின்னதாகி, பளபளப்பு ஏறி, சத்தம் மாறும். பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்து 15 முதல் 25 நிமிடம் ஆகலாம். பத்தாவது நிமிடத்திலிருந்து அதை விட்டு நகராதீர்கள், போன் வந்தால் எடுக்காதீர்கள்.

பதம் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒரு கரண்டியைச் சாற்றில் தோய்த்து, ஆவிக்கு வெளியே எடுத்து, பக்கவாட்டில் சாயுங்கள். முதலில் தண்ணீராகச் சொட்டும், பிறகு இரண்டு துளிகள் தனித்தனியாகத் தொங்கும். அந்த இரண்டும் ஓரத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு தகடாக விழுந்தால் பதம். இரண்டாவது, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுவது. மேலே சுருக்கம் விழவேண்டும். தட்டு ஆறும்வரை அடுப்பை அணைத்துவையுங்கள். சோதித்துக்கொண்டே கொதிக்கவிட்டால் சோதனை முடிவதற்குள் பதம் தாண்டிவிடும். எனக்குத் தராசும் தகடும் ஒத்துப்போனால் போதும், தெர்மாமீட்டர் மூன்றாவது சாட்சிதான்.

பாட்டிலில் ஊற்றுதல்

பதம் வருவதற்கு முன்பே பாட்டில்கள் வெந்நீரில் கிடக்கவேண்டும். மலையில் காலை நேரத்துப் பாட்டில் பனிக்கட்டியாக இருக்கும், அதில் கொதிக்கும் ஜெல்லியை ஊற்றினால் அடி கழன்று கையில் வரும். பழைய ஜாம் பாட்டில்கள் தாராளமாக ஆகும், மூடி மட்டும் துருப்பிடிக்காததாக, உள்ளே ரப்பர் வளையம் சிதையாததாக இருக்கட்டும். ஊறுகாய் மூடி வேண்டாம், வாசனை போகாது.

இறக்கியதும் நுரையை ஒரே வீச்சில் எடுத்து, உடனே ஊற்றுங்கள். தாமதித்தால் பாத்திரத்திலேயே உறையத் தொடங்கிக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். பாட்டிலின் வாயை ஒட்டி, உயரத்திலிருந்து அல்லாமல், மேலே கால் அங்குல இடம் விட்டு ஊற்றி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள்.

ஓரிரு மாதத்தில் தீர்ந்துவிடும் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து விட்டுவிடலாம். வெளியில் வைக்கவேண்டும் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. ஆழமான பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, மூடிக்கு மேல் ஓரங்குலம் தண்ணீர் நிற்கும்படி பாட்டில்களை நிறுத்திக் கொதிக்கவையுங்கள். சமவெளியில் இதற்கு ஐந்து நிமிடம் என்பார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எல்லாவற்றுக்கும் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கொதிநீரின் சூடு 92, 94 டிகிரிதான், கிருமிகளைத் தீர்க்க அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பதும், மேலே மெழுகு ஊற்றுவதும் பழைய பழக்கங்கள். இரண்டையும் நம்பவேண்டாம்.

எடுத்து வைத்தபின் ஒரு நாள் முழுக்க ஆட்டாமல் அசைக்காமல் விடுங்கள். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் பின்னிக்கொண்டிருக்கும் வலை அறுபடும்.

சரியாக வரவில்லை என்றால்

உறையாத ஜெல்லிக்கு முதலில் பொறுமைதான் மருந்து, சிலது இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். அப்படியும் ஓடுகிறது என்றால் ஒரு லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, மூன்று நான்கு நிமிடம் முழுக்கொதி விட்டு, மறுபடி தகடுச் சோதனை செய்து ஊற்றுங்கள். இரண்டாம் தடவையும் உறையாவிட்டால் சோடாவில் கலந்து குடித்துவிடுங்கள், அதற்கு மேல் கொதிக்கவிடுவது வீண்.

கரண்டி இறங்காத ஜெல்லி, மிதமிஞ்சிக் காய்ந்தது. அதைத் திருப்ப முடியாது, தண்ணீர் விட்டுக் கரைத்துக் கேக்குக்கு மேல் பூசலாம். மேலே நீர் கசிந்து நின்றால் புளிப்பு அதிகம், அல்லது வைத்த இடத்தில் சூடும் குளிரும் மாறி மாறிப் படுகிறது. அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரியிலிருந்து இடம் மாற்றுங்கள். உள்ளே கற்கண்டு தெரிந்தால் ஓரத்துச் சர்க்கரை கரையாமல் இறங்கியிருக்கும், சாப்பிட ஒன்றும் ஆகாது. பூஞ்சை தெரிந்தால் மட்டும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று பார்க்காதீர்கள், பாட்டிலோடு குப்பைக்குப் போகட்டும். மூடி புடைத்து, திறக்கும்போது புளித்த வாடை வந்தாலும் அதே தீர்ப்புதான்.

துணியில் தங்கிய சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். கொட்டைகளைப் பொறுக்கிவிட்டு, சல்லடையில் தேய்த்து, எடையில் பாதி சர்க்கரையும் ஒரு துண்டு பட்டையும் போட்டு, சிறுதீயில் கிளறிக் கெட்டியாக இறக்குங்கள். இதில் சர்க்கரை குறைவு, வெளியில் தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் சப்பாத்திக்குத் தொட்டுத் தீர்த்துவிடவேண்டும்.